கிளாட்ஸ்டன் பெருமகனாரும் ஏழையர் சேமிப்பும்

உழைத்துப் பொருள் தேடும் வலிமை மக்கட்கு ஆயுள் முழுவதும் நிலைத்து நிற்பதன்று. இளமையில் ஓடிய காலும் உயர்ந்த கையும் முதுமையில் ஓய்ந்து போதல் இயற்கை. ஆதலின், கை ஓடுங் காலத்தில் ஈட்டியவற்றுள் ஒரு பகுதியைக் கை ஓயுங் காலத்திற்கென்று எடுத்து வைத்தல் அறிவுடையோர் செயலாம். ஆனால் வைக்க வேண்டும் என்னும் விருப்பம் இருந்தால் மட்டும் போதாது; வைத்த பொருள் கெடாதிருக்க ஓர் இடமும் வேண்டும். செல்வர்க்கு இரும்புப் பெட்டியும் பெரிய பாங்கியும் உண்டு. வாரக் கூலி பெறும் ஏழைக்கு அவ்விடம் யாது? இவ்வினாவுக்குச் சட்டத்தின் வாயிலாக விடை கண்ட ராஜதந்திரிகளுள் முன்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் இங்கிலாந்து தேசத்து வில்லியம் ஈவர்ட் கிளாட்ஸ்டன் ஆவர். நான்கு முறை அந்நாட்டின் பிரதம மந்திரியாய் விளங்கிய அவரது அரசியற் புகழைப் பலரும் அறிவர். ஏழைக் குடும்பங்களின் சேமிப்பைக் குறித்து அவர் செய்த பணியை அறிந்தார் சிலரே. நம் சங்கத்து அன்பர்களும் அவர்தம் குடும்பத்தாரும் அதனை அறிந்து பயன் பெறுமாறு அவர் சரிதத்தை ஈண்டுச் சுருக்கமாக எழுதப் புகுகின்றோம்.

பிறப்பும் கல்வியும்

கிளாட்ஸ்டன் 1809-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 29-ஆம் தேதி லிவர்பூல் துறைமுக நகரில் பிறந்தார். அவர் தந்தையார் ஜான் கிளாட்ஸ்டன், ஸ்காத்லாந்துக் குடியில் வந்தவர். கடல் வாணிபத்தால் பெரும் பொருள் ஈட்டியவர். அப்பொருளின் ஒரு பெரும் பகுதி மேற்கிந்தியத் தீவுகளிலும் தென்னமெரிக்காவின் டெமராராவிலும் அடிமைகளைக் கொண்டு நடத்திய தோட்டங்களினின்று வந்தது என்பதை மறைத்தல் முறையன்று. 1833-இல் அடிமை ஒழிப்புச் சட்டம் நிறைவேறியபோது அடிமைகளுக்கு ஒரு காசும் கிட்டவில்லை. அவர்களை உடைமையாகக் கொண்டிருந்தோருக்கே நஷ்டஈடு வழங்கப்பட்டது. ஜான் கிளாட்ஸ்டன் பெற்ற தொகை மட்டும் ஒரு லட்சம் பவுனுக்கு மேற்பட்டது. அதன் பின்னர், 1838-இல், நம் இந்தியாவினின்று ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றி டெமராராத் தோட்டங்களுக்கு முதன்முதல் வரவழைத்தவரும் அவரே. இளைஞரான வில்லியம் பார்லிமெண்டில் பேசிய முதற் பேச்சுக்களில் தோட்டக்காரர் பக்கமே நின்றார். பெரியோர் சரிதம் எழுதுவோர் அவர்தம் குறையையும் சேர்த்தே எழுதுதல் வேண்டும் என்பது பற்றி இதனைக் குறித்தோம்.

ஈட்டன் பள்ளியிலும் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையிலும் கல்வி பயின்ற கிளாட்ஸ்டன், 1831-இல் பண்டைமொழி இலக்கியங்களிலும் கணிதத்திலும் ஒருங்கே முதல் வகுப்பில் தேறினார். பாதிரியாராக வேண்டும் என்பது அவரது விருப்பமாயிருந்தது. தந்தையார் விருப்பமோ வேறு. 1832-இல், தம் இருபத்து மூன்றாம் வயதில், நியூவார்க் தொகுதியின் பிரதிநிதியாகப் பார்லிமெண்டுக்குள் புகுந்தார். வர்த்தக இலாகாவில் அமர்ந்திருந்த காலத்தில், 1844-இல், ரயில்வேச் சட்டம் ஒன்றைக் கொணர்ந்து, ஒவ்வொரு பாதையிலும் நாள்தோறும் ஒரு வண்டியேனும் மைலுக்கு ஒரு பென்னி கட்டணத்தில் ஏழையரை ஏற்றிச் செல்லல் வேண்டும் என்று விதித்தார். எளியவர்க்கும் எட்டும் விலையில் ஒரு வசதியை அமைத்தல் என்னும் எண்ணம் அன்றே அவர் உள்ளத்தில் வேரூன்றியிருந்தது.

கடன் கற்பித்த பாடம்

1839-இல் அவர் ஹவார்டன் கோட்டைக்குரிய கிளின் குடும்பத்துக் காதரைன் அம்மையாரை மணந்தார். அம்மையாரின் தமையனார் ஸர் ஸ்டீபன் கிளின் பழங்குடிச் செல்வர். எனினும் ஓக் பார்ம் என்னும் இரும்புத் தொழிற்சாலையில் கூட்டுச் சேர்ந்து அகப்பட்டுக்கொண்டார். 1847-இல் அத்தொழிற்சாலை முறிந்தது. தலைமுறை தலைமுறையாக வந்த ஹவார்டன் நிலங்கள் யாவும் கடனில் மூழ்கும் நிலை உண்டாயிற்று. கிளாட்ஸ்டன் அக்கடன் கணக்கைத் தாமே எடுத்துக்கொண்டு, பல ஆண்டுகள் இரவும் பகலும் ஏடுகளைப் புரட்டி, சில நிலங்களை விற்றும், தம் தந்தையார் பொருளைக் கொண்டு சிலவற்றை மீட்டும், செலவைச் சுருக்கியும், மனைவியின் பிறந்தகத்தை மானத்துடன் காத்தார். தேசத்தின் பொக்கிஷத்தை ஆளும் கல்வியைத் தமக்குக் கற்பித்தது அக்கடனே என்று பிற்காலத்தில் அவர் கருதினார். பிறர் கடனுக்குக் கையெழுத்திட்டும், அறியாத தொழிலில் முதலிட்டும் குடும்பங்கள் கெடுவதை நம் ஊர்களிலும் காண்கின்றோம் அன்றோ! அத்துன்பத்தை வீட்டிற்குள்ளேயே கண்டவர் ஒரு தேசத்தின் நிதி மந்திரியாய் வந்தது அத்தேசத்தின் நற்பேறாயிற்று.

நிதி மந்திரி

1852-இன் இறுதியில் கிளாட்ஸ்டன் முதன்முறை நிதி மந்திரியானார். 1853-இல் அவர் சமர்ப்பித்த வரவு செலவுத் திட்டம் பல நுகர்பொருள் வரிகளை நீக்கியும் குறைத்தும் வருமான வரியை ஒழுங்குபடுத்தியது. அவ்வாண்டு வருமான வரிச் சட்டத்தில், தன் ஆயுளைக் காப்புச் செய்து ஆண்டுதோறும் பிரீமியம் கட்டுவோர்க்கு, தம் வருமானத்தில் ஆறில் ஒரு பங்கு வரை அத்தொகைக்கு வரி விலக்கு அளிக்கப்பட்டது. தன் குடும்பத்திற்காகச் சேமிப்பவனுக்கு அரசாங்கம் வரியில் சலுகை காட்டுதல் நியாயம் என்னும் கொள்கை இதனால் நிலைபெற்றது. நம் நாட்டு வருமான வரிச் சட்டங்களிலும் இக்கொள்கை நெடுங்காலம் இடம்பெற்று வந்துள்ளது.

அவர் அரசாங்கச் செலவில் சிறு காசையும் வீணாக்க விடார். தாளுக்கும் மெழுகுவர்த்திக்கும் கணக்குக் கேட்கும் மந்திரி என்று அவரை நகைத்தவரும் உண்டு. ஆனால் குடிமக்கள் கட்டிய வரி, அவர்கள் வீட்டு அடுப்பினின்று எடுத்த பணம் என்பது அவரது உறுதி. அரசு வீண் செலவு செய்யாதிருந்தாலன்றிக் குடிகள் சேமித்தல் இயலாது என்று அவர் எண்ணினார்.

ஏழையர் பாங்கிகளின் அவலம்

அக்காலத்தில் ஏழையர் சேமிப்புக்கு இடமே இல்லை என்பதற்கில்லை. 1810-இல் ஸ்காத்லாந்தின் ரத்வெல் என்னும் சிற்றூரில் ஹென்றி டங்கன் என்னும் பாதிரியார் சேமிப்புப் பாங்கி ஒன்றைத் தொடங்கினார். அதைப் பின்பற்றி நாடெங்கும் தர்மகர்த்தர்கள் நடத்தும் சேமிப்புப் பாங்கிகள் தோன்றின. 1817-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவற்றின் பணம் தேசியக் கடன் கமிஷனர்களிடம் ஒப்படைக்கப்படல் வேண்டும். அங்குச் சென்ற பணத்திற்கு அரசாங்கம் பொறுப்பு. ஆனால் ஏழை தன் காசை உள்ளூர்க் காரியஸ்தர் கையில் கொடுத்த நேரத்திற்கும், அது கமிஷனர்களைச் சென்றடையும் நேரத்திற்கும் இடையே யார் பொறுப்பு? ஒருவரும் இல்லை. 1844-ஆம் ஆண்டுச் சட்டம் தர்மகர்த்தர்களின் பொறுப்பையும் பெரிதும் குறைத்துவிட்டது.

இவ்விடைவெளியில் திருடர் புகுந்தனர். 1848-இல் அயர்லாந்தில் டப்ளின் நகரத்து கப் வீதிப் பாங்கியும், டிராலி, கில்லார்னி ஆகிய ஊர்ப் பாங்கிகளும் முறிந்தன. 1849-இல் ராச்டேல் நகரத்துப் பாங்கியின் கணக்கர் இறந்தபின் ஏடுகளைப் பார்த்தபோது, எழுபதினாயிரம் பவுனுக்கு மேற்பட்ட ஏழையர் பணம் களவு போயிருந்தமை வெளியாயிற்று. அவர் ஊரில் பெருமதிப்புப் பெற்றவர். ஆகவே எவரும் அவர் ஏட்டைச் சோதித்திலர். நெசவாலைகளில் உழைத்தவரும், வீட்டு வேலை செய்த பெண்களும், மகனின் ஈமச் செலவுக்கென்று காசு வைத்திருந்த தாயரும் கதறினர். பாங்கிகளோ பல ஊர்களில் இல்லை; இருந்த ஊர்களிலும் வாரத்தில் ஓரிரு மணி நேரமே திறந்திருப்பன பல. சனிக்கிழமை மாலை கூலி பெற்றவன் பாங்கி திறக்கும் நாள் வருவதற்குள் சாராயக் கடையைக் கடந்து செல்லல் வேண்டும்.

தபாலாபீஸ் சேமிப்புப் பாங்கி

தபாலாபீஸ் வழியாக ஏழையர் பணத்தைத் திரட்டலாம் என்னும் யோசனையை 1807-இலேயே விட்பிரெட் என்னும் பார்லிமெண்டு அங்கத்தினர் வெளியிட்டார், அது நிறைவேறவில்லை. ஐம்பதாண்டுகளுக்குப் பின், ஹட்டர்ஸ்பீல்டு நகரப் பாங்கி ஒன்றில் உத்தியோகம் பார்த்த சார்லஸ் வில்லியம் சைக்ஸ் என்பவர், 1859-இல் மீண்டும் நிதி மந்திரியாகியிருந்த கிளாட்ஸ்டனுக்குத் தம் திட்டத்தை எழுதியனுப்பினார். அவர் பிரபுவல்லர், கட்சித் தலைவரும் அல்லர். ஆயினும் யோசனையின் தகுதியை நோக்கினாரேயன்றி எழுதியவரின் பதவியைக் கிளாட்ஸ்டன் நோக்கினாரல்லர். தபால் இலாகாவைச் சேர்ந்த செட்விண்டு, ஸ்கூடமோர் என்னும் இருவர் அதனை நடைமுறைக்கு ஏற்ற உருவில் திருத்தி அமைத்தனர்.

1861-ஆம் ஆண்டு மே மாதம் 17-ஆம் தேதி அது சட்டமாயிற்று. அவ்வாண்டு செப்டம்பர் 16-ஆம் தேதி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறக்குறைய முந்நூறு தபாலாபீசுகளில் பாங்கி திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஸ்காத்லாந்துக்கும் அயர்லாந்துக்கும் பரவி, அவ்வாண்டு முடிவில் சுமார் 2,500 தபாலாபீசுகளில் நடைபெறலாயிற்று.

இதன் அமைப்பை அறிதல் பயனுடைத்து. ஒரு ஷில்லிங் இருந்தால் கணக்குத் தொடங்கலாம். ஓராண்டில் 30 பவுனுக்கு மேல் இடலாகாது. முதல் 150 பவுனையும், வட்டி சேர்ந்து 200 பவுனையும் கடத்தலாகாது. இவ்வரம்பு, செல்வர் இவ்விடத்தைப் பயன்படுத்தாது ஏழையர்க்கே அஃது உரியதாகும் பொருட்டு வைக்கப்பட்டது. வட்டி நூற்றுக்கு இரண்டரை. அஃதாவது பவுன் ஒன்றுக்கு மாதம் அரைப் பென்னி. இதனை எழுதப் படிக்க அறியாதவனும் விரல் விட்டு எண்ணலாம். ஓர் ஊரில் இட்ட பணத்தை வேறோர் ஊரில் வாங்கலாம். வேலை தேடி ஊர் ஊராகச் செல்வோர்க்கு இது பேருதவி. ஏழு வயது கடந்த சிறுவரும் தம் பெயரிலேயே கணக்கு வைக்கலாம்.

எல்லாவற்றினும் சிறந்தது களவைத் தடுக்கும் ஏற்பாடு. உள்ளூர்த் தபால் அதிகாரி கைப்புத்தகத்தில் வரவு எழுதிக் கையெழுத்திட்டால் மட்டும் போதாது. லண்டன் தலைமை ஆபீசினின்று, இன்ன தொகை வந்து சேர்ந்தது என்னும் சீட்டு ஒவ்வோர் இட்டுக்கும் தனித்தனியே பணம் இட்டவருக்கு நேரே தபாலில் வரும். குறித்த நாட்களுக்குள் அச்சீட்டு வாராவிடின் அவர் உடனே எழுதிக் கேட்டல் வேண்டும். ஆகவே உள்ளூர் அதிகாரி மறைத்தது பத்து நாட்களுக்குள் வெளிப்பட்டுவிடும். பணம் முழுவதற்கும் தேசத்தின் பொக்கிஷமே பிணை. ராச்டேலில் ஏழைகள் இழந்த நம்பிக்கை இவ்விரு ஏற்பாடுகளால் மீண்டது.

இதில் கிளாட்ஸ்டனுக்கு வேறொரு நோக்கமும் உண்டு. இவ்வாறு சேரும் சிறு காசுகள் அரசாங்கப் பத்திரங்களில் இடப்பட்டமையால், பெரிய பாங்கிக்காரர் தயவை எதிர்பாராது நிதி மந்திரி காரியம் பார்க்கும் வலிமை பெற்றார். ஏழைக்குப் பத்திரமும் அரசுக்குப் பலமும் ஒரே வழியில் வந்தன. வட்டி இன்னும் சற்று உயர்வாயிருந்திருக்கலாம் என்று குறை கூறியோர் உண்டு; அக்குறை முற்றும் பொருந்தாததன்று. எனினும் உயர்ந்த வட்டியைக் காட்டி முதலையே விழுங்கிய இடங்களைக் கண்ட மக்கள், குறைந்த வட்டியும் நிறைந்த பிணையுமே மேல் என்று கொண்டனர்.

1880-இல் கிளாட்ஸ்டன் இரண்டாம் முறை பிரதம மந்திரியானபோது, கண்பார்வை இழந்தும் கல்வியிற் சிறந்து விளங்கிய ஹென்றி பாசெட்டைத் தபால் மந்திரியாக நியமித்தார். ஒரு ஷில்லிங்கை ஒரே முறையில் கொடுக்க இயலாதவர்க்கென்று பாசெட் ஒரு தாளை அச்சிட்டார். ஒரு பென்னி முத்திரை பன்னிரண்டை அவ்வப்போது வாங்கி அதில் ஒட்டிக் கொடுத்தால், அது ஒரு ஷில்லிங்காக வரவு வைக்கப்படும். சிறுதுளி பெருவெள்ளம் என்னும் நம் பழமொழிக்கு இதனினும் சிறந்த விளக்கம் வேண்டுமோ! 1900-ஆம் ஆண்டளவில் அப்பாங்கியில் கணக்கு வைத்திருந்தோர் எண்பது லட்சத்திற்கு மேற்பட்டனர். அவர்தம் பணம் பதின்மூன்று கோடிப் பவுனைக் கடந்தது.

தோல்வியுற்ற ஒரு முயற்சி

1864-இல் கிளாட்ஸ்டன் மற்றொரு சட்டத்தையும் கொணர்ந்தார். தபாலாபீஸ் வழியாகவே 20 முதல் 100 பவுன் வரை ஆயுள் காப்புச் செய்யலாம். முதுமையில் ஆண்டுக்கு 50 பவுன் வரை பெறுதற்கு இளமையினின்றே சிறிது சிறிதாகத் தவணை கட்டி வரலாம். பல தனியார் காப்புச் சங்கங்கள் முறிந்து ஏழையரைக் கெடுத்தமையே இதற்குக் காரணம். நோக்கம் உயர்ந்தது, பயன் மிகச் சிறிது. ஏன்? ஏழைக் குடும்பங்கள் பெரும்பாலும் விரும்பியது ஈமச் செலவுக்கு வேண்டிய சில பவுன்களே. கீழெல்லை 20 பவுனாக இருந்தமையால் அவர்கள் தேவை சட்டத்திற்கு வெளியே நின்றுவிட்டது. மேலும் தனியார் கம்பெனிகளின் வசூல்காரர் வாரந்தோறும் வீட்டு வாயிலில் வந்து நின்று பென்னிகளைப் பெற்றுச் சென்றனர். தபாலாபீஸ் அவ்வாறு வாயில் தேடி வரவில்லை. நல்ல திட்டம் வகுத்தல் ஒன்று. அதனை மக்கள் வாயிலில் கொண்டு சேர்த்தல் மற்றொன்று என்பது இதனால் விளங்கும்.

ஒரு கணக்கு

சேமிப்பு ஒன்றாலேயே ஏழையின் முதுமை காக்கப்படுமோ என்பது அடுத்த வினா. ஒரு கணக்கிட்டுப் பார்ப்போம். வாரம் ஒரு ஷில்லிங் வீதம் முப்பதாண்டுகள் தவறாது இட்டு வந்தவன், இரண்டரை வட்டியுடன் சுமார் 114 பவுன் பெறுவான். அதனினின்று வாரம் ஐந்து ஷில்லிங் எடுத்து உண்டால் சுமார் பத்தாண்டுகள் ஓடும். இது சிறந்த பயனே. ஆனால் வாரம் பத்துப் பன்னிரண்டு ஷில்லிங் கூலி பெற்றுப் பிள்ளைகள் நால்வரைக் காக்கும் உழவுத் தொழிலாளிக்கு, பத்தில் ஒரு பங்கை முப்பதாண்டுகள் விடாது ஒதுக்குதல் எளிதோ? நோய் ஒன்று வந்தால், மழை பொய்த்தால், வேலை நின்றால், இட்டதையும் எடுக்க நேரும். அத்தகையோர் முதுமையில் 1834-ஆம் ஆண்டு ஏழையர் சட்டப்படி அமைந்த பொது விடுதியில், கணவன் ஒருபுறமும் மனைவி ஒருபுறமுமாகப் பிரிந்து வாழ நேர்ந்தது.

தன் முயற்சியே மனிதனை உயர்த்தும் என்பதில் கிளாட்ஸ்டன் அசையாத நம்பிக்கை கொண்டவர். வரிப் பணத்தினின்று முதியோர்க்கு உபகாரச் சம்பளம் கொடுப்பதில் அவர் மனம் எளிதில் செல்லவில்லை. ஜெர்மனியில் பிஸ்மார்க் 1889-இல், தொழிலாளி, முதலாளி, அரசு ஆகிய மூவரும் பங்கிடும் முதுமைக் காப்புச் சட்டத்தை நிறைவேற்றினார். கிளாட்ஸ்டனின் நான்காம் மந்திரிசபை 1893-இல் முதிய ஏழையரைப் பற்றி ஆராய ஒரு கமிஷனை நியமித்தது. 1895-இல் அதன் பெரும்பான்மையோர் உபகாரச் சம்பளத்திற்கு உடன்பட்டிலர். கிளாட்ஸ்டன் மறைந்து பத்தாண்டுகளுக்குப் பின், அவர் கட்சியினரே 1908-இல் முதியோர் உபகாரச் சம்பளச் சட்டத்தை இயற்றினர். எழுபது வயது நிறைந்த வறியோர்க்கு வாரம் ஐந்து ஷில்லிங் வரை 1909 ஜனவரி முதல் தேதி தொட்டு வழங்கப்பட்டது. அது வழங்கப்பட்ட இடம் எது? கிளாட்ஸ்டன் ஏழையரைக் காசு இடப் பழக்கிய அதே தபாலாபீஸ்தான். அவர் அமைத்த வாயில், அவர் எண்ணாத உதவிக்கும் வழியாயிற்று.

நம் நாட்டில்

இம்மரம் நம் நாட்டிலும் நிழல் தந்தது. கல்கத்தா, சென்னை, பம்பாய் நகரங்களில் 1833 முதல் 1835 வரை அரசாங்கச் சேமிப்புப் பாங்கிகள் தோன்றினவெனினும் சிற்றூர்க் குடிகளுக்கு அவை எட்டவில்லை. கிளாட்ஸ்டன் பிரதம மந்திரியாயிருந்தபோது, அவரால் அனுப்பப்பெற்ற ரிப்பன் பிரபு இங்கு ராஜப்பிரதிநிதியாய் விளங்கிய 1882-ஆம் ஆண்டில், இந்தியத் தபாலாபீஸ் சேமிப்புப் பாங்கி தொடங்கிற்று. 1884-இல் தபால் ஆயுள் காப்பும் வந்தது. சுதந்திரம் பெற்ற பின் 1952-இல் தொழிலாளர் சேமநிதிச் சட்டமும், 1968-இல் பொதுச் சேமநிதியும், 2004-இல் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டமும், 2015-இல் பெண் குழந்தைகளுக்கான சேமிப்புத் திட்டமும், அறுபது வயதுக்குமேல் மாதந்தோறும் ஓய்வூதியம் தரும் அடல் ஓய்வூதியத் திட்டமும் அமைந்தன.

இறுதிக் காலம்

கிளாட்ஸ்டன் தம் எண்பத்து நான்காம் வயதில், 1894-இல், பிரதம மந்திரிப் பதவியை விட்டு ஹவார்டனில் ஓய்ந்திருந்தார். ஓய்ந்திருந்தார் என்றல் வழக்கே, உண்மையில் ஓயவில்லை. தாம் வாழ்நாள் முழுவதும் சேர்த்த பல்லாயிரம் நூல்களை, மாணவர்க்கும் ஏழைக் கற்போர்க்கும் பயன்படுமாறு அவ்வூரில் ஒரு நூல்நிலையமாக்கினார். அந்நூல்களுள் பலவற்றைத் தாமே தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிச் சென்றார். 1898-ஆம் ஆண்டு மே மாதம் 19-ஆம் தேதி அங்கேயே உயிர் நீத்தார். வெஸ்ட்மினிஸ்டர் தேவாலயத்தில் அரசாங்க மரியாதையுடன் அடக்கம் செய்யப்பெற்றார்.

நாம் கொள்ளத்தக்கவை

அன்பர்காள்! இச்சரிதத்தினின்று நம் குடும்பங்கள் கொள்ளத்தக்கவை சில உள. சேமிக்கும் இடத்தைத் தேர்வதில் வட்டியை இரண்டாவதாகவும் பிணையை முதலாவதாகவும் நோக்குதல் வேண்டும். நம்மவர், தெரிந்தவர், ஊரில் மதிப்புள்ளவர் என்னும் காரணத்தால் ரசீது இன்றியும் கணக்குப் பாராதும் பணம் கொடுத்தல், ராச்டேல் நகரத்து ஏழைகள் செய்த பிழையேயாம். சீட்டு நடத்துவோரும் பொதுப் பணம் வைத்திருப்போரும் ஏட்டைக் காட்டுதல் அவர்க்கு இழுக்கன்று. ஏடு கேட்டல் கேட்போர்க்குப் பண்புக் குறைவும் அன்று. தபால் சீட்டு வரும் வரை வரவை உறுதியென்று கொள்ளாத அம்முறையை நம் சங்கத்து நிதிகளிலும் கையாளுதல் நன்று.

விவாகத்திற்கும் விருந்துக்கும் ஒரே நாளில் செலவிடும் தொகையில் ஒரு பகுதியை, மணமக்கள் பெயரில் கணக்காக வைத்துக் கொடுக்கும் வழக்கம் நம்மிடையே பரவுமாயின், அது நகையினும் சிறந்த சீராகும். தாய்மார்கள் தம் பெயரிலும் பெண் குழந்தைகள் பெயரிலும் கணக்கு வைத்தல் வேண்டும். பிள்ளைகள் காப்பர் என்று கையிலுள்ளதை எல்லாம் அவர்க்கே எழுதி வைத்துவிட்டு, பிற்காலத்தில் மருந்துக்கும் கை ஏந்தும் முதியோர் நம் தெருக்களில் இல்லாதிருத்தல் வேண்டும்.

சேமிக்க ஒன்றும் மிஞ்சாத ஏழைக் குடும்பங்களும் நம்முள் உண்டு. அவர்க்குச் சிக்கனத்தை உபதேசித்தல் மட்டும் அறமாகாது. அரசாங்கம் தரும் முதியோர் உதவியும் ஓய்வூதியமும் இன்னவென்று அறிவித்து, விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, அலுவலகத்திற்கு உடன் சென்று பெற்றுத் தருதல் நம் சங்கத்து இளைஞர் கடமை. கிளாட்ஸ்டனின் 1864-ஆம் ஆண்டுத் திட்டம் வாயிலுக்குச் செல்லாமையால் வாடியது. நாம் வாயிலுக்குச் செல்வோம்.